"பார்த்தே ஆகணும்" என்று சொன்னால் யாரும் பார்ப்பதில்லை: சீரிஸ் சிபாரிசு செய்ய ஒரு முழு வழிகாட்டி

நல்ல சீரிஸ் ஒன்றை முடித்த மறுநாள் நமக்கெல்லாம் லேசாகக் கிறுக்குப் பிடித்துவிடும். கண்ணில் படுகிற ஆளையெல்லாம் நிறுத்தி, "என்னது, நீ இன்னும் அதைப் பார்க்கலையா?" என்று கேட்போம். நான் அப்படித்தான் என் அக்காவை மூன்று நாள் நச்சரித்து தி வயர் பார்க்க வைத்தேன். இரண்டாவது எபிசோடில் சோஃபாவிலேயே தூங்கிவிட்டாள். மறுநாள், "ஏன்டா, யார் போலீஸ், யார் திருடன் என்றே தெரியலையே, எல்லோரும் ஏதோ பேப்பரைப் புரட்டிக்கிட்டே இருக்காங்க" என்றாள். அவள் உட்கார்ந்தது இரவு பத்தரை மணிக்கு, எல்லா வேலையும் முடிந்த பிறகு. நான் கொடுத்ததோ 60 எபிசோட், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், கதை சூடு பிடிக்கவே நாலைந்து எபிசோட் ஆகும். சீரிஸ் மேலும் குற்றமில்லை, அக்கா மேலும் குற்றமில்லை. என் ரசனையை அவள் தலையில் கட்டப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அதன்பிறகு ஆளைப் பார்த்துத்தான் சிபாரிசு என்று வைத்துக்கொண்டேன். இப்போது நான் சொல்வதைப் பாதிப் பேராவது பார்க்கிறார்கள், முன்பு பத்தில் ஒருவர் பார்த்தாலே பெரிய விஷயம். நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: சொல்வதற்கு முன்னால் கேளுங்கள்

"உனக்கு எந்த மாதிரி பிடிக்கும்?" என்று கேட்டால் எல்லோரும் "த்ரில்லர்" என்றுதான் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு கேள்விகள் போதும். கடைசியாக எதை நிறுத்த முடியாமல் பார்த்தாய்? எதைப் பாதியில் விட்டாய்?

இரண்டாவதுதான் தங்கமான கேள்வி. கேம் ஆஃப் த்ரோன்ஸைப் பாதியில் விட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவருக்குப் பெயர்கள் நினைவில் நிற்கவில்லை, இன்னொருவருக்கு ரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் ஆளிடம் டார்க் (ஆட்களும் உறவுகளும் பின்னிக் கிடக்கிற ஜெர்மன் சீரிஸ்) பக்கமே போகக் கூடாது, இரண்டாவது ஆளிடம் தாராளமாகப் போகலாம் (அதிலும் சில காட்சிகளை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்). விட்டேன் என்ற ஒரே பதிலுக்குள் ஏன் விட்டேன் என்பது ஒளிந்திருக்கும், அதைத் தோண்டி எடுங்கள்.

அப்புறம், எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் மெதுவாக விசாரித்துவிடுங்கள். தனியாகவா, வீட்டில் எல்லோரோடுமா? கையில் போனை வைத்துக்கொண்டா? துணி மடித்துக்கொண்டா? கண் திரையில் இல்லாத ஆளுக்கு சப்டைட்டிலை நம்பி ஓடுகிற எதையும் கொடுப்பது வீண்.

இரண்டாம் படி: எந்தக் கயிறு அவரை இழுக்கும் என்று பாருங்கள்

விறுவிறுப்பு என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், ஒவ்வொருவரையும் "அடுத்த எபிசோட்" பொத்தானை அழுத்த வைப்பது வேறு வேறு கயிறு. நான் நாலாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

யார் செய்தது என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராதவர்கள் ஒரு வகை. இவர்களுக்குச் சிபாரிசு சொல்வது சுலபம். தமிழில் புஷ்கர்–காயத்ரி உருவாக்கிய சுழல், 2022இல் பிரைம் வீடியோவில் வந்தது, முதல் சீசன் 8 எபிசோட். ஒரே இரவில் சிமெண்ட் ஆலை எரிகிறது, ஒரு பெண் காணாமல் போகிறாள், இரண்டுக்கும் முடிச்சு உண்டா என்பதுதான் கேள்வி. அதே ஆண்டு ஜீ5இல் வந்த விலங்கு 7 எபிசோட்தான். விமல் நடித்தது, காவல் நிலையத்துக்குள் நடக்கிற அன்றாட வேலையையும் அழுத்தத்தையும் அவ்வளவு கிட்டத்தில் காட்டிய தமிழ் சீரிஸ் குறைவு. ஆங்கிலத்தில் என்றால் பிராட்சர்ச் முதல் சீசன், 2013, 8 எபிசோட். கடலோரச் சிற்றூரில் ஒரு சிறுவன் இறந்து கிடக்கிறான், ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். முதல் சீசனோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை.

எப்போது மாட்டிக்கொள்வான் என்று நகத்தைக் கடிப்பவர்கள் அடுத்த வகை. யார் என்ன செய்தார்கள் என்று நமக்கு முதலிலேயே தெரியும், பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியாது. பிரேக்கிங் பேட் இதற்குப் பாடநூல். நுரையீரல் புற்றுநோய் வந்த வேதியியல் ஆசிரியர் போதைப்பொருள் காய்ச்சக் கிளம்புகிறார், அவருடைய சகலையோ போதைப்பொருள் தடுப்புப் பிரிவு அதிகாரி. (சகலை என்று தமிழில் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆங்கில சப்டைட்டில் அந்த உறவை மச்சானோடு சேர்த்து ஒரே கூடையில் போட்டுவிடும்.) குடும்ப விருந்து ஒவ்வொன்றும் அதனாலேயே வெடிகுண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது போல இருக்கும். துப்பாக்கிச் சத்தத்தைவிட அந்தச் சாப்பாட்டு மேசைகள்தான் எனக்கு இன்றும் நினைவில் நிற்கின்றன.

இந்த மனிதன் கடைசியில் என்ன ஆவான் என்பதற்காகப் பார்ப்பவர்கள் மூன்றாவது. இவர்களுக்கு ஸ்கேம் 1992 (2020, சோனி லிவ், 10 எபிசோட்), சக்சஷன் (2018 முதல் 2023 வரை, 39 எபிசோட்), பெட்டர் கால் சால் (பிரேக்கிங் பேடின் முன்கதை). சக்சஷனில் ஒருவரும் நல்லவர் இல்லை. "யாரையாவது எனக்குப் பிடிக்கணும்" என்று எதிர்பார்க்கிறவர் இரண்டே எபிசோடில் கோபித்துக்கொள்வார், ஆளைப் பார்த்துக் கொடுங்கள்.

நாலாவது, இங்கே என்னதான் நடக்கிறது என்று நோட்டுப் புத்தகம் எடுத்து வைத்துக்கொள்கிற ரகம். டார்க், செவரன்ஸ் இரண்டும் இவர்களுக்கென்றே எடுத்தவை. செவரன்ஸில் அறுவை சிகிச்சை ஒன்று செய்து அலுவலக நினைவையும் வீட்டு நினைவையும் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறார்கள். உள்ளே வேலை செய்கிறவனுக்கு வெளியே தான் யார் என்றே தெரியாது. முதல் பாதி ஆமை வேகம், ஆனால் முதல் சீசனின் 9ஆவது எபிசோடைப் பார்க்கும்போது நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

இந்த நாலுக்குள்ளும் அடங்காத ஒன்று செர்னோபில். யாரை வேண்டுமானாலும் நம்பி அனுப்பலாம் என்று நான் நினைக்கிற சீரிஸ் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1986 ஏப்ரல் 26 அதிகாலை அணு உலை வெடித்தது என்பது உலகத்துக்கே தெரியும், ஆகவே "என்ன நடக்கும்" என்ற கேள்விக்கு இடமே இல்லை. சீரிஸும் அதை மறைக்கப் பார்க்கவில்லை. வெடிப்பு நடந்து இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு விஞ்ஞானி ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்கிறார், நாடாக்களை வெளியே கொண்டுபோய் ஒளிக்கிறார், பூனைக்குத் தீனி வைக்கிறார், செத்துப்போகிறார். முடிவு முதல் சில நிமிடங்களிலேயே நம் கைக்கு வந்துவிடுகிறது. பிறகு வெடிப்பைக் காட்டுகிற விதத்தைப் பாருங்கள்: உலைக்குள் கேமரா போவதில்லை. எங்கோ தள்ளி ஒரு குடியிருப்பில் ஒரு பெண் நடமாடிக்கொண்டிருக்கிறாள், அவளுக்குப் பின்னால் ஜன்னலில் தூரத்தில் ஒரு வெளிச்சம், சில நொடி கழித்துத்தான் வீடு அதிர்கிறது.

அதன்பின் நம்மை இழுத்துப் பிடிப்பது ஒரு எண். கதிர்வீச்சு 3.6 ராண்ட்ஜன் என்று கட்டுப்பாட்டு அறையில் சொல்கிறார்கள், சமாளித்துவிடலாம் என்கிறார்கள். அந்தக் கருவி காட்டக்கூடிய உச்சமே 3.6தான் என்பது பிறகுதான் தெரிய வருகிறது. ஒரு கருவியின் வரம்பை உண்மை என்று மேலே மேலே சொல்லி அனுப்புகிறார்கள், கீழே ஆட்கள் வெந்துகொண்டிருக்கிறார்கள். கடைசி எபிசோடில் நீதிமன்றத்தில் சிவப்பும் நீலமுமாக அட்டைகளைச் செருகி உலை ஏன் வெடித்தது என்று விளக்குவார்கள். அது இயற்பியல் வகுப்புதான், ஆனால் எந்த மோதல் காட்சிக்கும் குறையாத பதற்றம். இதை எழுதிய கிரெய்க் மேஸின் அதற்கு முன் நகைச்சுவைப் படங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவர் என்பது இன்னொரு ஆச்சரியம்.

மூன்றாம் படி: மணிக்கணக்கைச் சொல்லிவிடுங்கள்

"சூப்பர் சீரிஸ்" என்பதைவிட "ஐந்து எபிசோட், ஐந்தரை மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்பதற்கு மதிப்பு அதிகம். பிரேக்கிங் பேட் 62 எபிசோட், மொத்தம் ஏறக்குறைய 48 மணி நேரம். இரவுக்கு ஒன்று என்றால் இரண்டு மாதம். அதைக் கேட்டதும் முகம் சுருங்கினால் நீங்கள் எடுக்க வேண்டியது வேறு பட்டியல்: அடோலசன்ஸ் (2025, 4 எபிசோட், நாலு மணி நேரத்துக்குள் முடியும்), செர்னோபில், ஃப்ளீபேக் (இரண்டு சீசன் சேர்த்து 12 எபிசோட், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள்), ட்ரூ டிடெக்டிவ் முதல் சீசன் (2014, 8 எபிசோட், தனிக்கதை, அடுத்த சீசன்களுக்கு நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை).

அடோலசன்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு எபிசோடும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்தது. கதவை உடைத்துக்கொண்டு போலீஸ் 13 வயதுப் பையனின் அறைக்குள் நுழைவதில் தொடங்குகிறது, அதன்பிறகு மூச்சு விட இடைவெளி கிடைப்பதில்லை. மூன்றாவது எபிசோட் பெரும்பாலும் ஓர் அறையில் அந்தப் பையனும் உளவியல் நிபுணரும் பேசிக்கொள்வதுதான். பதின்ம வயதில் பிள்ளை இருக்கிறவரிடம் கொடுக்கும்போது முன்னரே சொல்லிக் கொடுங்கள், நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்துவிடும்.

நாலாம் படி: கதை முடிந்ததா?

பல பேர் கோட்டை விடுவது இங்கேதான். மைண்ட்ஹண்டர் அருமையான சீரிஸ், 2017, 2019 என்று இரண்டு சீசன், 19 எபிசோட், அப்புறம் வரவே இல்லை. டார்க் எடுத்தவர்களே எடுத்த 1899, 8 எபிசோட் கொண்ட ஒரே சீசனோடு ரத்தானது. பெரிய கேள்வியைக் கடைசியில் போட்டுவிட்டு நின்றுபோனது. இவற்றைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை, சொல்லிவிட்டுக் கொடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் அடுத்த முறை உங்கள் பேச்சை நம்ப மாட்டார்கள். செவரன்ஸுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். முதல் சீசன் 2022 ஏப்ரலில் முடிந்தது, இரண்டாவது வந்தது 2025 ஜனவரியில். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களிடம், முழுக்க முடிந்த டார்க் போன்றவற்றைத்தான் நீட்ட வேண்டும்.

ஐந்தாம் படி: மொழியும் ஒலியும்

டார்க்கை நான் முதல் முறை ஆங்கில டப்பிங்கில் பார்த்து, "என்ன இது, எல்லோரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி" என்று மூடி வைத்தேன். தளம் தானாக ஆங்கிலத்தைத் தேர்ந்திருந்தது, நானும் கவனிக்கவில்லை. சில மாதம் கழித்து ஜெர்மன் ஒலியில், சப்டைட்டிலோடு பார்த்தபோது அது வேறு சீரிஸாகவே இருந்தது. அதனால் சிபாரிசோடு "ஒலியை மூல மொழிக்கு மாற்றிக்கொள்" என்றும் சேர்த்தே சொல்கிறேன். எங்கே மாற்றுவது என்றும் சொல்லுங்கள்: ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையைத் தொட்டால் ஒலி, சப்டைட்டில் என்று ஒரு பொத்தான் வரும்.

சப்டைட்டில் படிக்க முடியாதவர்கள், கண் சரியில்லாதவர்கள், வேகமாகப் படிக்க வராதவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் மூல மொழிப் பெருமை பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. மணி ஹெய்ஸ்ட், ஸ்க்விட் கேம் இரண்டுக்கும் தமிழ் டப்பிங் உண்டு, நன்றாகவே ஓடும்.

டார்க் கொடுத்தால் கூடவே இன்னொன்றும் கொடுங்கள். ஒரே ஆள் மூன்று வயதில் மூன்று நடிகர்களாக வருகிற கதை அது, 1953, 1986, 2019 என்று காலம் தாவும். யார் யாருக்கு என்ன உறவு என்று காட்ட அதற்கென்றே அதிகாரப்பூர்வ இணையதளம் ஒன்றை வைத்தார்கள். எந்த எபிசோட் வரை பார்த்திருக்கிறோம் என்று சொன்னால் அதுவரைக்குமானதை மட்டும் காட்டுகிற வசதியோடு. அது தெரியாமல் தனியாகத் தேடப் போனவர்கள் குடும்ப மரத்தைப் பார்த்துக் கதை முழுவதையும் கெடுத்துக்கொண்டார்கள்.

ஆறாம் படி: எங்கே கிடைக்கிறது

இதை நீங்களே பார்த்துச் சொல்லிவிடுங்கள். உரிமை கை மாறிக்கொண்டே இருக்கும், நாட்டுக்கு நாடு வேறுபடும், குறிப்பாக எச்பிஓ தயாரிப்புகள். ஜஸ்ட்வாட்ச் தளத்தில் நாட்டைத் தேர்ந்து பெயரைப் போட்டால் காட்டிவிடும். அவரிடம் இல்லாத தளத்தில் இருக்கிறதென்றால் வேறு சீரிஸ் சொல்லுங்கள், ஒரு சீரிஸுக்காகச் சந்தா கட்டச் சொல்லாதீர்கள்.

ஏழாம் படி: இரண்டு வரியில் சொல்லிவிட்டு வாயை மூடுங்கள்

இதுதான் கஷ்டமான படி, எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. கதை சொல்லாமல் ஆசையைக் கிளப்ப வேண்டும். "ஒரு ட்விஸ்ட் இருக்கு பாரு" என்பதும் ஸ்பாய்லர்தான், ஏனென்றால் அந்த நொடியிலிருந்து அவர் கதையைப் பார்க்க மாட்டார், ட்விஸ்ட்டைத் தேடுவார். "கடைசி எபிசோட் வேற லெவல்" என்றால் அதற்கு முன்னால் வருகிற எல்லாமே காத்திருப்பு அறை ஆகிவிடும்.

தொடக்கக் காட்சியை மட்டும் சொல்லலாம். எப்படியும் முதல் ஐந்து நிமிடத்தில் பார்க்கப்போவதுதானே. நான் ஒரு நண்பனுக்கு அனுப்பியது இது: "பாலைவனத்தில் காற்றில் ஒரு பேன்ட் பறந்து வந்து விழுது. வெறும் ஜட்டியோடு, முகத்தில் வாயுக் கவசம் மாட்டிக்கிட்டு ஒருத்தன் வேனைக் கண்மண் தெரியாம ஓட்டிட்டு வர்றான். அவன் ஒரு ஸ்கூல் வாத்தியார். பெயர் பிரேக்கிங் பேட். முதல் சீசன் 7 எபிசோட்தான், அதை மட்டும் பாரு." அன்று இரவே தொடங்கிவிட்டான். கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள், 62 என்ற எண்ணை நான் சொல்லவில்லை. மூன்றாம் படிக்கு நேர் எதிர்தான். அவனுக்கு நேரம் கொட்டிக் கிடந்தது, எண்ணிக்கைதான் மிரட்டும் என்று தெரியும், அதனால் ஒரு சீசனை மட்டும் நீட்டினேன்.

ஒரே நேரத்தில் ஒன்றுதான் சொல்ல வேண்டும். பத்துப் பெயர் கொண்ட பட்டியலை அனுப்பினால் அதைச் சேமித்து வைப்பார்கள், பார்க்க மாட்டார்கள்.

கூடவே, பெயரைத் தேடாதே என்றும் எச்சரியுங்கள். தேடுபெட்டியில் ஒரு கதாபாத்திரத்தின் பெயரைப் போட்டாலே அடுத்த சொல்லாகச் சாவைப் பரிந்துரைக்கும். நடிகர் பட்டியலில் "3 எபிசோட்" என்று போட்டிருந்தால் அந்த ஆள் எப்போது காலி என்று கணக்குப் போட்டுவிடலாம். நெட்ஃபிளிக்ஸில் தானாக ஓடும் முன்னோட்டத்தை அமைப்புகளில் நிறுத்தி வைக்க முடியும், வீட்டில் முதல் வேலையாகச் செய்ய வேண்டியது அது.

எட்டாம் படி: எத்தனை எபிசோட் அவகாசம்?

மூன்று எபிசோட் பார்த்துப் பிடிக்காவிட்டால் விடு என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரே அளவுகோல் எல்லாவற்றுக்கும் ஒத்துவராது. செர்னோபிலுக்கு ஒன்று போதும், அதில் ஒட்டாதவர் பிறகும் ஒட்ட மாட்டார். செவரன்ஸுக்கு நாலு வேண்டும், தி வயருக்கு ஐந்துகூட ஆகலாம். அந்த எண்ணை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஆள் பொறுத்துக்கொள்வார். "போகப் போக நல்லா இருக்கும்" என்று மொட்டையாகச் சொல்வது வேலைக்கு ஆகாது, எங்கே என்று சொல்லுங்கள்.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கப் போகிறார்கள் என்றால் தளத்தில் போட்டிருக்கிற வயது வரம்பை மட்டும் நம்பாமல், எந்த மாதிரிக் காட்சி வரும் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ட்ரூ டிடெக்டிவை நான் சொல்லாமல் கொடுத்து, ஒரு குடும்பமே ரிமோட்டைத் தேடி ஓடிய கதை உண்டு.

ஒன்பதாம் படி: அப்புறம் துரத்தாதீர்கள்

"பார்த்தியா, பார்த்தியா" என்று தினமும் கேட்டால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். ஒரு முறை சொல்லிவிட்டு மறந்துவிடுங்கள். முடித்துவிட்டு அவரே வருவார், பேச ஆள் வேண்டும் அல்லவா. வந்ததும் அடுத்ததைக் கொடுக்கும்போது அதே கயிற்றில், எடை குறைந்ததாகக் கொடுங்கள். பிரேக்கிங் பேட் முடித்த கையோடு பெட்டர் கால் சால் கொடுத்தால் அதன் மெதுவான நடை அலுப்பாகத் தெரியும், இடையில் வேறு ஏதாவது ஒன்று பார்த்துவிட்டுத் திரும்பினால்தான் அது எவ்வளவு நுணுக்கமானது என்று பிடிபடும்.

அக்காவுக்குத் தி வயருக்குப் பிறகு நான் ஒரு வருடம் எதுவுமே சொல்லவில்லை. பிறகு செர்னோபில், பார்த்தாள். அடோலசன்ஸ், பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை, கனம் தாங்கவில்லையாம். சரி, இவளுக்கு இப்போது கொஞ்சம் சிரிக்கவும் வேண்டும் என்று ஸ்லோ ஹார்சஸ் சொன்னேன்: வேலையில் சொதப்பிய உளவாளிகளைத் தூக்கிப் போடுகிற ஓர் அழுக்கு ஆபீஸ், காலில் ஓட்டைச் சாக்ஸோடு அவர்களைத் திட்டிக்கொண்டே இருக்கிற முதலாளியாக கேரி ஓல்ட்மன், சீசனுக்கு 6 எபிசோட், ஒரு சீசனில் ஒரு வழக்கு முடிந்துவிடும். நேற்று இரவு பதினொன்றரைக்கு அவளிடமிருந்து, "டேய், இது இன்னும் எத்தனை சீசன் இருக்கு?" என்று செய்தி வந்தது. எண்ணைச் சொல்லவில்லை. இரண்டாவது சீசன் முதலாவதைவிட நன்றாக இருக்கும் என்று மட்டும் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.